செத்த பேட்டரி, சாகாத டிரில்

என் டிரில்லுக்கு வயது 15க்கு மேல் ஆகிறது. மச்சான் துபாயிலிருந்து லீவுக்கு வந்தபோது, பெட்டியில் சோப்புக்கும் டார்ச் லைட்டுக்கும் நடுவில் சுருட்டிக் கொண்டுவந்தது. 12 வோல்ட், இரண்டு பேட்டரி, செங்கல் மாதிரி கனக்கும் ஒரு சார்ஜர். கியர் இன்றும் சத்தமில்லாமல் சுற்றுகிறது. 13 மில்லிமீட்டர் பிட் வரைக்கும் பிடிக்கிற சக்கில் ஆட்டம் இல்லை. போனதெல்லாம் பேட்டரிதான். இரவு முழுக்கச் சார்ஜில் கிடந்தாலும் காலையில் நான்கு ஸ்குரூ இறக்கும், ஐந்தாவதில் முனகிக்கொண்டு நின்றுவிடும்.

எனக்கு வேலை பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தென்னந்தோப்புகளில். சொட்டுநீர்க் குழாய் போடுவது, மோட்டார் ஷெட்டில் போர்டு மாட்டுவது, கூரைக்கு ஷீட் அடிப்பது. கரண்ட் இருப்பது மோட்டார் ஷெட்டில். குழாயில் ஓட்டை போட்டு, ஒழுகாமல் அடைக்கிற ரப்பர் வளையமான குரோமெட் வைக்க வேண்டிய இடமோ அங்கிருந்து 200 தென்னை தாண்டி. வயர் டிரில்லை இழுத்துக்கொண்டு அலைய முடியாது. அதனால் இரண்டு வருடமாக இந்த டிரில்லுக்கு உயிர் கொடுக்க என்னென்ன வழி உண்டோ, ஏறக்குறைய எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டேன். சிலதில் காசு போனது.

கோவையில் ஒரு டூல்ஸ் கடையில் முதலில் விசாரித்தபோது, கடைக்காரர் பேட்டரியைக் கையில் வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. “இதுக்கெல்லாம் இப்ப வர்றதில்லீங்ண்ணா. தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிக்கங்க” என்றார். வர்றதில்லை என்றது உண்மை. உள்ளே இருப்பது நிக்கல்-காட்மியம் செல். காட்மியம் நச்சு உலோகம் என்பதால் 2017 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியம் இந்த வகை பேட்டரியைக் கார்ட்லெஸ் கருவிகளுக்கு விற்பதையே நிறுத்திவிட்டது. பெரிய கம்பெனிகள் அதற்கு முன்பே லித்தியத்துக்கு மாறிவிட்டன. இப்போது யாரிடமாவது பழைய ஒரிஜினல் கிடைத்தாலும் அது வருடக்கணக்கில் கோடவுனில் தூங்கியதாகத்தான் இருக்கும். ஆனால் தூக்கிப் போடச் சொன்னதை நான் கேட்கவில்லை.

காசு செலவழிக்கும் முன் டிரில்லைச் சோதித்துவிடுவது நல்லது. 12 வோல்ட் டிரில் என்றால் எளிது: ஒரு கார் பேட்டரியிலிருந்து தடித்த வயரில், நடுவில் ஃபியூஸ் வைத்து, பிளஸ் மைனஸ் மாறாமல் டிரில்லின் காண்டாக்டில் கொடுத்துக் கட்டையில் ஓர் ஓட்டை போட்டுப் பாருங்கள். திடமாக இறங்கினால் நோய் பேட்டரியில் மட்டும்தான். அதிலும் திணறினால், கருகிய வாடை வந்தால், சக் ஆடினால், இதற்கு மேல் படிக்க வேண்டாம். கடைக்காரர் சொன்னபடி செய்துவிடுங்கள்.

பேட்டரியின் அடியில் நான்கு ஸ்குரூவைக் கழற்றினால் தடித்த, குட்டையான செல்கள் பத்து வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் சுமார் 23 மில்லிமீட்டர் விட்டம், 43 மில்லிமீட்டர் உயரம், 1.2 வோல்ட். 14.4 வோல்ட் டிரில்லில் 12 செல், 18 வோல்ட்டில் 15. பத்தும் ஒன்றாகச் சாவதில்லை. இரண்டோ மூன்றோ முதலில் படுத்துவிடும், மற்றவை அவற்றைச் சுமந்து சுமந்து ஓய்ந்துபோகும். இதைக் கண்டுபிடிக்க வெறும் மல்டிமீட்டர் போதாது. சும்மா இருக்கும்போது செத்த செல்கூட 1.2 என்று காட்டி ஏமாற்றும். பழைய பைக்கின் 35 வாட் ஹெட்லைட் பல்பைப் பேட்டரிக்குக் குறுக்கே கொடுத்துவிட்டு, அது எரியும்போதே ஒவ்வொரு செல்லாக அளக்க வேண்டும். பல்பு 3 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். நல்ல செல் 1.2ஐ ஒட்டி நிற்கும். மோசமானது 1க்குக் கீழே போகும், இன்னும் மோசமானது தலைகீழாகி மைனஸ் காட்டும்.

என் இரண்டு பேட்டரியிலும் சேர்த்து 20 செல்லில் 11 தேறின. அவற்றில் பத்தை எடுத்து ஒரு பேட்டரியாகக் கட்டினேன். செலவு என்று பார்த்தால் மதியம் ஒரு நேரம், கொஞ்சம் ஈயம். எட்டு மாதம் ஓடியது. இரண்டு பேட்டரி வைத்திருப்பவர்கள் முதலில் இதைச் செய்து பார்க்கலாம். கிழவர்களை வைத்துக் கட்டிய குடும்பம் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். ஒரு செல்லை மட்டும் புதிதாக வாங்கிப் பழையவற்றோடு சேர்ப்பதும் இதே கதைதான், அடுத்த மாதம் அடுத்தது போகும். செத்த செல்லுக்குப் பெரிய பேட்டரியிலிருந்து ஒரு ‘ஷாக்’ கொடுத்து எழுப்புகிற வித்தை ஒன்று உண்டு. உள்ளே வளர்ந்த உலோக முடிகள் எரிந்துபோய் வோல்டேஜ் வரும், சில நாளில் மறுபடி வளர்ந்துவிடும். செல் வெடித்துக் கண்ணில் தெறிக்கும் ஆபத்துக்கு அந்தச் சில நாள் ஈடாகாது.

அடுத்து, ஆன்லைனில் கிடைக்கிற ‘பொருந்தும்’ பேட்டரி. அதே கூடு, அதே காண்டாக்ட், மேலே கொள்ளளவு 3,000 மில்லி ஆம்பியர்-அவர் என்று ஸ்டிக்கர். 1,400 ரூபாய் கொடுத்து வாங்கினேன். முதல் வாரம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது, ஆடி வருவதற்குள் பழைய பேட்டரியின் தரத்துக்கு வந்துவிட்டது. பிரித்துப் பார்த்தால் செல்லில் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. எல்லாமே இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உள்ளே என்ன செல் என்று தெரியாமல் வாங்குகிற பொருளுக்கு என்னிடம் இனிக் காசு இல்லை.

நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு செல் வாங்கிக் கட்டுவது உருவத்தில் மிக எளிது. அளவும் வோல்டேஜும் பழையதேதான், பத்துக்குப் பத்து அப்படியே உட்காரும். வாங்கும்போது இரு முனையிலும் நிக்கல் தகடு ஒட்டியதாகக் கேட்டு வாங்கினால், செல் மேல் சூடு படாமல் தகட்டில் மட்டும் ஈயம் வைத்து முடித்துவிடலாம். சிக்கல் சார்ஜரில். பழைய சார்ஜர்கள் பல, டிரான்ஸ்ஃபார்மரும் டயோடும் மட்டும் உள்ள அப்பாவிகள். என்னுடையது 400 மில்லி ஆம்பியர் கொடுக்கும். 1,300 கொள்ளளவுள்ள பழைய செல்லுக்கு ஐந்து மணி நேரம் போதும், 3,000க்கு ஏறக்குறைய பத்து மணி நேரம் ஆகும். அது தானாக நிற்காது. நாம்தான் அலாரம் வைத்துக் கழற்ற வேண்டும், மறந்தால் செல் வெந்துபோகும். வேகமாக ஏற்றுகிற சார்ஜராக இருந்தால் வேறு தொல்லை: செல் நிறைந்ததும் வோல்டேஜ் லேசாகக் கீழே சரிவதைப் பார்த்துத்தான் அது நிறுத்தும். காட்மியத்தில் அந்தச் சரிவு தெளிவாகத் தெரியும், ஹைட்ரைடில் மங்கல். சார்ஜர் கவனிக்காமல் ஊற்றிக்கொண்டே இருக்கும். பழைய பேட்டரிக்குள் செல்லோடு ஒட்டிக் கிடக்கிற சின்ன வெப்ப ஸ்விட்சையோ, சூட்டை உணர்கிற தெர்மிஸ்டரையோ எடுத்துப் புதிய செல்லோடு ஒட்டவைக்காமல் விட்டால் அது தற்கொலை. பாலக்காட்டுச் சித்திரை வெயிலில் 40 டிகிரி சாதாரணம், அந்தச் சூட்டில் இந்த வகை செல் சார்ஜே சரியாக ஏற்காது. பத்து நல்ல செல்லுக்கு 2,000 ரூபாய் சொன்னார்கள். நான் கட்டவில்லை.

லித்தியம் பக்கம் வந்தால், முதலில் நான் செய்த மடத்தனத்தைச் சொல்கிறேன். பொள்ளாச்சியில் லேப்டாப் ரிப்பேர் செய்கிறவரிடம் பழைய பேட்டரியைப் பிரித்த செல்கள் மலிவாகக் கிடைத்தன. 18650 என்பார்கள்: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், 3.6 வோல்ட். மூன்றை வரிசையாகக் கோத்தால் 10.8. சோதித்தபோது கொள்ளளவு 2,000க்கு மேலேயே காட்டியது. பி.வி.சி. குழாயில் ஓட்டை போடும்வரை பிரமாதம். தென்னஞ்சட்டத்தில் தடித்த ஸ்குரூவை இறக்கியதும் டிரில் உட்கார்ந்துவிட்டது, கூடு தொட முடியாத சூடு. கொள்ளளவு என்பது தொட்டியில் எவ்வளவு தண்ணீர் என்கிற கணக்கு. குழாய் எத்தனை அங்குலம் என்பது வேறு கணக்கு. லேப்டாப் செல் 4, 5 ஆம்பியர் கொடுக்கப் பிறந்தது. டிரில் சாதாரண வேலைக்கே 10, 15 இழுக்கும், பிட் சிக்கி மோட்டார் நின்றால் ஒரு நொடிக்கு 50ஐக்கூட எட்டும்.

ஆகவே அதிக ஆம்பியர் தருகிற செல்தான் வேண்டும். சாம்சங் 25ஆர் என்பது 2,500 மில்லி ஆம்பியர்-அவர், தொடர்ந்து 20 ஆம்பியர் தரும். மோலிசெல் பி26ஏ 2,600, அது 35 வரை போகும். இவற்றின் எண்கள் சின்னதாகத் தெரியும். சந்தையில் அதே அளவுச் செல்லில் 9,900 என்று அச்சடித்து விற்கிறார்கள். 18650 செல்லுக்கு 3,500, 4,000க்குள்தான் நடைமுறை உச்சம், மீதியெல்லாம் அச்சகத்தின் தாராளம். தராசில் வைத்தால் குட்டு வெளிப்படும். நல்ல செல் 45 கிராமை ஒட்டி இருக்கும். ஆன்லைனில் வாங்கினால் பொறுமை வேண்டும். உதிரி லித்தியம் செல்லைப் பயணிகள் விமானத்தில் சரக்காக அனுப்ப 2016 முதல் தடை, பெரும்பாலும் லாரியில்தான் வந்து சேரும்.

எத்தனை வோல்ட் டிரில்லுக்கு எத்தனை செல் என்பதில் ஒரு வசதி இருக்கிறது. ஒரு லித்தியம் செல், மூன்று காட்மியம் செல்லுக்குச் சமம். 14.4க்கு நான்கு, 18க்கு ஐந்து, கச்சிதமாகப் பொருந்தும். 12 வோல்ட்டுக்கு மூன்றும் மூன்றிலொரு பங்கும் வர வேண்டும், மூன்று போட்டால் வேகம் கொஞ்சம் குறையும். கையில் அந்த வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. 9.6 வோல்ட் டிரில்தான் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தவிக்கும்.

நான் கட்டியது, இரண்டிரண்டாகப் பக்கத்தில் இணைத்த மூன்று ஜோடியை வரிசையாகக் கோத்தது, ஆக ஆறு செல். சுமை இரண்டாகப் பங்கு பிரிவதால் எதுவும் சூடாவதில்லை. இடம் போதுமா என்று பயந்தேன். பழைய கூட்டின் அடிப்பகுதியில் ஒன்பது செல் மூன்றுக்கு மூன்றாக நின்றிருந்தன, ஆக 69க்கு 69 மில்லிமீட்டர், உயரம் 43. ஆறு 18650ஐப் படுக்கவைத்து இரண்டு அடுக்காக்கினால் 65 நீளம், 54 அகலம், 36 உயரம். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்து, பக்கவாட்டில் போர்டுக்கு 15 மில்லிமீட்டர் மிச்சம். பத்தாவது செல் நின்றிருந்த கழுத்துப் பகுதி மட்டும் காலி. அங்கேதான் காண்டாக்ட் தகடு இருப்பதால், தாங்குவதற்கு ஒரு வேப்பங்கட்டையைச் சீவிச் செருகினேன். எடை ஏறக்குறைய பாதியானது, தேக்கிவைக்கும் சக்தி மூன்று மடங்குக்கு மேல்.

லித்தியம் செல்லை வெறுமனே கோக்கக் கூடாது. பி.எம்.எஸ். என்கிற சின்ன போர்டு கட்டாயம்: செல் 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறாமல், அடிமட்டத்துக்கு இறங்காமல், ஷார்ட் ஆனால் துண்டித்துக் காக்கும். 20 ஆம்பியர் போர்டு போட்டால் டிரில் ஸ்டார்ட் ஆகும் இழுப்பிலேயே கட் ஆகிவிடும். 40 ஆம்பியர், செல்களைச் சமன் செய்கிற வசதியோடு வாங்குங்கள். செல்லில் நேரடியாக ஈயம் வைப்பதை மறந்துவிடுங்கள், அந்தச் சூடு உள்ளே இருக்கும் மெல்லிய தாளை உருக்கும். நிக்கல் பட்டை வைத்து ஸ்பாட் வெல்டிங்தான். என்னிடம் மிஷின் இல்லை. கோவையில் இ-ஸ்கூட்டருக்கு பேட்டரி கட்டுகிற ஒரு தம்பியிடம் செல்லையும் போர்டையும் கொடுத்தேன். “பட்டை சுத்த நிக்கல்தானுங்ளாண்ணா, இல்ல இரும்புல முலாம் பூசினதா?” என்று கேட்டுவிட்டு, சுரண்டி உப்புத் தண்ணீரில் போட்டுவைத்தான். மறுநாள் துருப்பிடித்திருந்தது. நான் வாங்கிப்போன பட்டையைக் குப்பையில் போட்டுவிட்டு அவனுடையதைப் போட்டுக் கட்டினான். இப்படிக் கேட்கிற ஆள் கிடைத்தால் விடாதீர்கள்.

பழைய சார்ஜர் விஷயத்தில் மட்டும் கறாராக இருக்க வேண்டும். கூடு அதேதான் என்பதால் புதிய லித்தியம் பேட்டரி பழைய சார்ஜரிலும் ‘டக்’கென்று உட்காரும். அது 4.2 என்ற எல்லையே தெரியாத சார்ஜர். போர்டு காப்பாற்றும் என்று நம்பி இரவில் போட்டுவிட்டுத் தூங்கினால் வீடே எரியலாம். நான் கூட்டில் தனியாக ஒரு ஊசித்துளை சாக்கெட் வைத்து, 12.6 வோல்ட் லித்தியம் சார்ஜர் வாங்கிக்கொண்டேன். பழைய சார்ஜரின் பிளக்கை அன்றே வெட்டினேன். என்னை நம்பலாம், பழக்கதோஷத்தில் எடுத்துப் போடுகிற தம்பி வீட்டில் இருக்கிறான். வெயிலில் நிற்கிற பைக் பெட்டிக்குள் இதை வைக்காதீர்கள், சூடு ஆறாமல் சார்ஜும் போடாதீர்கள்.

செல் ஒன்று 350 ரூபாய் என்று ஆறுக்கு 2,100, போர்டு 250, சார்ஜர் 500, கூலி 300. மொத்தம் 3,150.

கூலி, செல், கோவைப் பயணம் எதுவும் இல்லாமல் நான் கண்டுபிடித்த வழியும் ஒன்று உண்டு. எனக்கு இன்னமும் பிடித்தது அதுதான். தோப்புக்காரர்கள் எல்லோரிடமும் முதுகில் மாட்டுகிற பேட்டரி ஸ்பிரேயர் இருக்கும். அதற்குள் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 8 ஆம்பியர்-அவர் ஈய-அமில பேட்டரி. என்னிடம் தொட்டி விரிசல் விட்டு மூலையில் கிடந்த ஸ்பிரேயரிலிருந்து பேட்டரியைக் கழற்றினேன். செத்த டிரில் பேட்டரியின் செல்களையெல்லாம் எடுத்துவிட்டு, வெறும் கூட்டில் காண்டாக்டிலிருந்து இரண்டு வயர் வெளியே கொண்டுவந்து, கார் ஃபியூஸ் 30 ஆம்பியர் ஒன்றை பேட்டரிக்கு ஒட்டிப் போட்டு, மகளின் பழைய ஸ்கூல் பையில் பேட்டரியை வைத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன். கள் இறக்கிக்கொண்டிருந்த அண்ணன் மேலேயிருந்து பார்த்துவிட்டு, “என்னப்பா, டிரில்லுக்கு குளுக்கோஸ் ஏத்தறயா?” என்றார்.

இதில் கவனிக்க வேண்டியது வயர். ஒன்றரை மீட்டர் நீளம் என்றால் போகவர மூன்று மீட்டர். 0.75 சதுர மில்லிமீட்டர் வயரில் 20 ஆம்பியர் ஓடினால் ஒன்றரை வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும், டிரில் சோம்பும். 4 சதுர மில்லிமீட்டர் வயரில் அதே இழப்பு 0.3 வோல்ட்டுக்குள். பேட்டரி இரண்டரைக் கிலோ, ஏணியில் ஏறும்போது பை ஆடும். வேலை முடிந்த அன்றே சார்ஜ் போட வேண்டும். காலியாக விட்டால் உள்ளே சல்ஃபேட் படிந்து ஈய பேட்டரி செத்துவிடும். இவ்வளவு குறை இருந்தும், ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் குரோமெட் ஓட்டை போடுகிற வேலைக்கு இதற்கு ஈடில்லை. வயருக்கும் ஃபியூஸுக்கும் 300 ரூபாய்க்குள் முடிந்தது. 14.4, 18 வோல்ட் டிரில்லுக்கு இது ஆகாது.

18 வோல்ட் டிரில் வைத்திருப்பவர்களுக்கு என் யோசனை வேறு. ஐந்து ஜோடியை வரிசையாகக் கோத்தால் பத்து செல், 21 வோல்ட் சார்ஜர், பெரிய போர்டு. 5,000 ரூபாயைத் தொடும். அந்தக் காசை ஒரு புதிய 18 வோல்ட் செட்டுக்கு முன்பணமாக நினைத்துக்கொள்ளலாம். அதே கம்பெனியின் கிரைண்டர், புளோயர், லைட் எல்லாவற்றுக்கும் அந்த பேட்டரி ஓடும், பழைய டிரில்லுக்குக் கட்டியது பழைய டிரில்லுக்கு மட்டும்தான். ஏற்கெனவே புதிய செட் இருக்கிறதென்றால், அதன் பேட்டரியைப் பழைய டிரில்லில் மாட்டுகிற பிளாஸ்டிக் அடாப்டர் வாங்கலாம். சில கம்பெனிகளில் காலியானதும் நிறுத்துகிற அறிவு பேட்டரியில் இருக்காது, கருவியில்தான் இருக்கும். பழைய டிரில்லுக்கு அந்த அறிவு இல்லை. வேகம் குறைவது தெரிந்ததும் கையை எடுத்துவிட வேண்டும்.

12 வோல்ட்டிலும் கணக்கு மட்டும் பார்த்தால் புதிது வாங்குவதற்கு நியாயம் உண்டு. நல்ல கம்பெனியின் சின்ன 12 வோல்ட் லித்தியம் டிரில் இரண்டு பேட்டரியோடு 5,000 ரூபாய்ச் சுற்றில் கிடைக்கிறது, கேரண்டியும் உண்டு. நான் கைப்பிடித்துப் பார்த்தவற்றில் சக் 10 மில்லிமீட்டர். எனக்கு 13 வேண்டும், அதனால் பழையதில் நின்றேன். வீட்டில் திரைக்கம்பி மாட்டவும் கட்டில் கழற்றவும் மட்டும் டிரில் வேண்டுமென்றால் நான்கூடப் புதியதைத்தான் வாங்கியிருப்பேன்.

கழற்றிய காட்மியம் செல்கள் மிச்சம். பழைய இரும்புக்காரர் எடைக்குக் கேட்டார், கொடுக்கவில்லை. அவர் உடைத்தால் காட்மியம் யாருடைய கிணற்றுக்காவது போகும். இந்தியாவில் 2022 பேட்டரிக் கழிவு விதிகள் காட்மியம் செல்லையும் சேர்த்துத்தான் பேசுகின்றன, குப்பையில் போடக் கூடாது. முனைகளில் டேப் ஒட்டி ஒரு பெயிண்ட் டப்பாவில் போட்டு வைத்தேன். கேரளத்தில் வீடு வீடாகக் கழிவு சேகரிக்கிற ஹரித கர்ம சேனாவின் அக்கா பிளாஸ்டிக் எடுக்க வந்தபோது காட்டினேன். “இது இப்ப வேண்டாம், எலெக்ட்ரானிக் சாமான் எடுக்கிற மாசத்துல தனியா எடுத்து வைங்க” என்றார். டப்பா இப்போது மோட்டார் ஷெட்டின் மேல் பலகையில் இருக்கிறது.